அரை மீட்டர் ஒயர்

சென்ற இரண்டு பதிவுகளும் ஓய்வூதியம், ஆயுள் சான்றிதழ் என்றே போய்விட்டன. இன்று கொஞ்சம் கிரீஸ் கையோடு எழுதுகிறேன். மொபெட், சைக்கிளில் இன்ஜின் பொருத்திய வண்டி போன்ற சின்ன வண்டிகளுக்குப் பிளக் ஒயர் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம். இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். நம் வயதுக்காரர்கள் பலரின் வீட்டில் பழைய மொபெட் ஒன்று மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போர்த்தி நிற்கிறது. "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, இன்ஜின் போச்சு" என்று சொல்லிப் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடப் போகிறீர்கள். அதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் ஊரின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ஆம் தேதி. சட்டப்படி முழுவதும் இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. அந்த இடைப்பட்ட காலத்தில்தான் நான் சிலேட்டும் பலப்பமுமாகப் பள்ளிக்குப் போனேன். பிரெஞ்சுப் பள்ளியில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைப் பற்றிய பாடம் என்று அர்த்தம். ஆசிரியரை நாங்கள் 'முசே' என்போம். முசே ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். ஒரு நாள் ஆலிலை, ஒரு நாள் உப்புக்கல், ஒரு நாள் துருப்பிடித்த ஆணி. முதலில் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், பிறகு கையால் தொட்டுச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் புத்தகம்.

அந்த முசே வெலோசோலெக்ஸ் ஓட்டி வருவார். சோலெக்ஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கறுப்பு நிறச் சைக்கிள். ஹேண்டில்பாருக்கு முன்னால், முன்சக்கரத்தின் மேல் ஒரு குட்டி இன்ஜின் உட்கார்ந்திருக்கும். இன்ஜினுக்குக் கீழே ஒரு சிறு உருளை. அது டயரின் மேல் உரசிச் சக்கரத்தைச் சுற்றும். செயின், கியர் எதுவும் இன்ஜினுக்குக் கிடையாது. 1946-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த வண்டி. மழை பெய்தால் உருளை வழுக்கும், முசே பெடல் மிதித்து வருவார்.

ஒரு நாள் அவர் மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியையும், பக்கத்தில் தன் சோலெக்ஸின் ஸ்பார்க் பிளக்கையும் வைத்தார். "இரண்டுக்கும் ஒரே பெயர், ஏன்?" என்று கேட்டார். பிரெஞ்சில் மெழுகுவர்த்தியும் 'பூஜி', ஸ்பார்க் பிளக்கும் 'பூஜி'. அல்ஜீரியாவில் பெஜாயா என்று ஒரு துறைமுக ஊர். பழைய காலத்தில் அங்கிருந்து தேன்மெழுகு ஐரோப்பாவுக்குப் போனதால் அந்த ஊர்ப் பெயரே மெழுகுவர்த்திக்கு வந்துவிட்டது. இன்ஜினுக்குள் தீ வைக்கும் பொருள் வந்தபோது அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பிளக்குக்குப் போகும் ஒயருக்கு 'ஃபீல்' என்று பெயர். ஃபீல் என்றால் நூல் என்றும் அர்த்தம். மெழுகுவர்த்திக்குள்ளும் ஒரு நூல், இந்த பூஜிக்கும் ஒரு நூல் என்று சொல்லி, "நூல் ஈரமாக இருந்தால் எந்த பூஜியும் எரியாது" என்றார். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். பிளக் ஒயரைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

இப்போது அந்த ஒயர் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். மொபெட்டில் பெரும்பாலும் மின்சாரத்தை உண்டாக்குவது மேக்னெட்தான். ஃப்ளைவீல் என்னும் சக்கரத்தில் காந்தம் பதித்திருப்பார்கள். அது சுற்றும்போது பக்கத்தில் உள்ள காயிலில் மின்சாரம் பிறக்கும். பழைய வண்டிகளில் 'பாயிண்ட்' என்று ஒரு சிறு வாய் திறந்து மூடும். அது திறக்கும் நொடியில் மின்சாரம் சட்டென்று அறுபட்டு, ஹெச்.டி. காயிலின் இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட்டாக எகிறும். புது வண்டிகளில் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் பெட்டி. எதுவாக இருந்தாலும் கடைசியில் அந்தப் பல ஆயிரம் வோல்ட்டை பிளக் வரை கொண்டு சேர்ப்பது ஒரு முழம்கூட இல்லாத ஒயர்தான்.

இந்த வோல்ட் எவ்வளவு? 10,000 முதல் 20,000 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஒயர்ச் சுருளில் 1,100 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டு ஒயரின் மேலுறை அவ்வளவுதான் தாங்கும் என்று பொருள். அவசரத்துக்கு வீட்டு ஒயரைப் பிளக் ஒயராகப் போட்டு ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மைல் ஓடும், பிறகு பொறி பிளக்கில் விழாமல் ஃபிரேமில் விழும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் வினாடிக்கு 50 பொறி. ஒரு மணி நேரத்தில் 1,80,000 தடவை அந்த மேலுறை அடி வாங்குகிறது.

என் சொந்த வண்டி சுவேகா. 1977-இல் அலுவலகத்தில் வாகன முன்பணம் போட்டு வாங்கினேன். பிரான்சின் மோட்டோபெக்கான் நிறுவனத்தின் மொபிலெத் வண்டியை, அவர்களுடைய தொழில்நுட்பத்தோடு திருப்பதியில் செய்தார்கள். பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்கு வாழ்க்கையில் மிக நேரடியாக உதவியது அந்த வண்டியில்தான். ஊருக்கு வந்த ஓய்வுபெற்ற பிரெஞ்சு ராணுவக்காரர் ஒருவர் மொபிலெத்தின் பழைய கையேடு ஒன்றைக் கொடுத்தார். அதை வைத்துத்தான் வேலை பார்த்தேன். அதில் பாயிண்டுக்கு 'வீஸ் பிளாத்தினே' என்று போட்டிருக்கும். பிளாட்டினம் பூசிய திருகு என்று அர்த்தம். ஆரம்ப காலத்தில் முனையில் பிளாட்டினம் வைத்தார்களாம். பிறகு டங்ஸ்டனுக்கு மாறியும் பெயர் மாறவில்லை.

புதுச்சேரியில் பிளக் ஒயருக்கு எதிரி கடற்காற்று. செம்பு இழையின் முனை ஆறே மாதத்தில் பச்சை பூக்கும். பச்சை பூத்த செம்பில் மின்சாரம் நேராகப் போகாமல் நடுவில் ஒரு குட்டிப் பொறியாகத் தாவிப் போகும். தாவித் தாவி முனை கருகும், இடைவெளி பெரிதாகும், ஒரு நாள் வண்டி நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயரின் முனையை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, பளபளவென்று புதுச் செம்பு தெரிந்ததும் மறுபடி திருகுவேன். இதற்காகவே முதலில் ஒயரை இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு வைப்பேன். வண்டி இருபத்திரண்டு வருஷம் ஓடியது.

இன்னொரு நினைவு. தொலைக்காட்சி வந்த புதிதில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில்தான் பெட்டி. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' ஓடும்போது நான் சுவேகாவில் வீடு திரும்பினால் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் ஓடும், கூடவே 'கரகர' சத்தம். "கிளார்க் சார் வந்துட்டாரு" என்று உள்ளே இருந்து குரல் வரும். பிளக்கில் விழும் பொறி ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி. ஆரம்ப காலக் கம்பியில்லாத் தந்தியே பொறியால்தான் நடந்தது. 1912-இல் டைட்டானிக் கப்பல் உதவி கேட்டதும் அப்படிப்பட்ட கருவியால்தான். பிளக் ஒயர் அந்தக் கருவிக்கு ஆன்டெனா ஆகிவிடும். இதை அடக்கத்தான் பிளக் கேப்புக்குள் 5,000 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வைக்கிறார்கள். அப்படி ஒரு கேப் வாங்கி மாட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை நான் வந்தது யாருக்கும் தெரியவில்லை. வண்டியின் இழுவையிலும் ஒரு குறைவும் இல்லை. இந்த ரெசிஸ்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடி வரும்.

ஓய்வு பெற்றபின் மகனோடு மூக்கண்டப்பள்ளிக்கு வந்து சேர்ந்தேன். சிப்காட் பக்கத்திலேயே வீடு. ஷிப்ட் மாறும் நேரத்தில் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இப்போது இந்தியும் சேர்ந்து நடக்கும். மொபெட் பிரியனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு கிடையாது. 1980-இல் டிவிஎஸ் 50 வெளிவந்தது இந்த ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்துதான். அதற்கு முன் இருந்த மொபெட்டுகள் ஒருவர் போகும் வண்டிகள். இருவர் உட்கார்ந்து போகலாம் என்று வந்த இந்திய மொபெட் அது. பால்காரர், பூக்காரர், கீரைக்காரம்மா, மேஸ்திரி, கிராமத்து வாத்தியார் என்று தமிழ்நாட்டில் அதில் ஏறாத ஆள் கிடையாது. அதன் வாரிசான எக்ஸ்எல் வண்டிகள் இன்றும் மூன்று மூட்டை உரத்தைச் சுமந்துகொண்டு பேரிகை, தளி ரோடுகளில் போவதைப் பார்க்கிறேன்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கார்த்திகை பிறந்தால் விடியற்காலையில் பனி இறங்கும். மார்கழியில் எதிரே வரும் ஆள் தெரியாது. புதுச்சேரியில் உப்பு செய்த வேலையை இங்கே பனி செய்கிறது.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் தம்பி ஒருவர். பழைய எக்ஸ்எல் சூப்பர், டூ-ஸ்ட்ரோக். இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு பாகலூர் பக்கத்திலிருந்து வருவார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மார்கழியில் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தெருவில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள், அது எனக்குச் சந்தோஷம். பார்த்தால் புது வண்டிக்குக் கடன் விண்ணப்பம். 36 மாதத் தவணை.

"ஏம்பா, இருக்கிற வண்டிக்கு என்ன?"

"இன்ஜின் போயிடுச்சு சார். ஒர்க் ஷாப்பில காட்டினேன். போர் தேஞ்சிடுச்சு, போர் பண்ணி பிஸ்டன் மாத்தணும், இந்த வண்டிக்கு அவ்வளவு செலவு பண்றது தண்டம்னு சொல்லிட்டாங்க. விடிகாலை நாலரைக்கு எடுத்தா இருமுது சார். ரெண்டு தடவை நின்னுடுது. ஓட்டலுக்கு லேட்டா போறேன்னு ரெண்டு பேரு பாலை நிறுத்திட்டாங்க."

"மத்தியானம் எப்படி ஓடுது?"

"மத்தியானம் கேனைத் திருப்பி எடுத்துட்டுப் போகும்போது ஜம்முனு போகுது."

பேனாவை மூடி வைத்தேன். போர் தேய்ந்திருந்தால் விடியற்காலையிலும் தேய்ந்திருக்கும், மத்தியானமும் தேய்ந்திருக்கும். வெயில் வந்ததும் குணமாகிற நோய் இன்ஜினுக்குள் இருக்காது, வெளியே ஈரம் படுகிற இடத்தில் இருக்கும். "நாளைக்கு நாலரைக்கு என் வீட்டு வாசலுக்கு வாங்க தம்பி, அப்புறம் கையெழுத்துப் போடலாம்" என்றேன்.

மறுநாள் ஸ்வெட்டர், மப்ளர் சகிதம் வாசலில் நின்றேன். தெருவிளக்கு வெளிச்சம் படாத சந்துக்குள் வண்டியைத் தள்ளி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஹெட்லைட்டைத் துணியால் மூடி, ஸ்டார்ட் செய்து கொஞ்சம் முறுக்கச் சொன்னேன். குனிந்து பார்த்தால் பிளக் ஒயரிலிருந்து பக்கத்து ஃபிரேமுக்கு நீல நிறத்தில் ஒளி இழை ஓடுகிறது. 'சட் சட்' என்று மெல்லிய சத்தம். ஒயர் ஃபிரேமில் உரசி மேலுறை தேய்ந்த இடத்தில் யாரோ கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்புக்குள் பனித்தண்ணீர் ஊறி நின்றது. தம்பி வாயைத் திறந்தபடி பார்த்தார். "சார், எல்.இ.டி. போட்ட மாதிரி இருக்கு!"

அன்று மத்தியானம் கேப்பைக் கழற்றினால் உள்ளே ஒயர் முனை கறுத்துப் பொடியாகக் கொட்டியது. அவர் வண்டியில் முன்பே யாரோ காயில் மாற்றியிருந்தார்கள். அது ஒயரைத் திருகிக் கழற்றும் வகை என்பது நல்லதாய்ப் போயிற்று. ஒயரைக் காயிலோடு சேர்த்து வார்த்திருந்தால் காயிலையே மாற்ற வேண்டும். நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டால் ஒட்டு நிற்காது. அரை மீட்டர் ஒயர், ஒரு கேப், இரண்டு ரப்பர். இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் முடிந்தது. அந்த மார்கழி முழுக்க ஓடட்டும், நின்றால் தை மாதம் படிவம் நிரப்பலாம் என்று முடிவு செய்தோம். வண்டி இன்றும் ஓடுகிறது. நிறுத்திய ஓட்டல்காரர்களில் ஒருவர் திரும்ப வந்துவிட்டார், இன்னொருவர் பாக்கெட் பாலுக்குப் போய்விட்டார். அந்த விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் தம்பி பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

இது தெருவில் பரவி, அடுத்து வந்தவன் பக்கத்து வீட்டுப் பேரப்பிள்ளை மாதிரியான பையன். பாலிடெக்னிக் படிக்கிறான். தபாலில் ஒரு இன்ஜின் கிட் வரவழைத்து, சைக்கிளின் முக்கோணத்துக்குள் பொருத்தியிருக்கிறான். அதோடு வந்த பிளக் ஒயர் மெலிசு, கேப் கையில் ஆடுகிறது. நல்ல ஒயர் போட வேண்டும் என்று அவன் நினைத்தது சரிதான்.

"தாத்தா, இதப் பாருங்க. எட்டு எம்.எம். ரேசிங் ஒயர், சிவப்பு கலர். இதப் போட்டா பவர் பத்து பர்சென்ட் ஏறுமாம்."

"டேய், ஒயர் எங்கேயாவது பவரை உண்டாக்குமா? காயில் கொடுக்கிறதை வழியில சிந்தாம கொண்டுபோய் சேர்த்தா போதும். முதல்ல உன் மீட்டரை எடு" என்றேன். படிக்கிற பிள்ளை, மல்டிமீட்டர் வைத்திருந்தான். அவன் கொண்டுவந்த சிவப்பு ஒயரின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தான். பல ஆயிரம் ஓம் காட்டியது. நான் வைத்திருந்த சாதாரணக் கறுப்பு ஒயரில் வைத்தான். பூஜ்யம். வித்தியாசம் உள்ளே இருக்கும் கருவில்.

கருவில் பொதுவாக மூன்று வகை. முதலாவது செம்பு இழைக் கரு, பெரும்பாலும் ஈயம் பூசியது. இரண்டாவது கார்பன் கரு, அதாவது கரி ஏற்றிய நூல். மூன்றாவது, நூலைச் சுற்றி மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றியது. பின்னிரண்டும் கார்களுக்காக வந்தவை. ரேடியோ இரைச்சலைத் தடுக்க ஒயருக்குள்ளேயே தடையை வைத்திருக்கிறார்கள். காரில் அவை நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் முனையில் உலோகக் கிளிப் அழுத்தி வரும். மொபெட் கேப்போ மரத்திருகு மாதிரி ஒரு முள் வைத்தது. அந்த முள் ஒயரின் நடுக்கருவில் திருகி ஏற வேண்டும். செம்பு இழைக்குள் அது கவ்விப் பிடிக்கும். கரி நூலுக்குள் திருகினால் நூல் ஒதுங்கிவிடும், முள் ரப்பரில் நிற்கும். கொஞ்ச நாள் ஓடும், பிறகு உள்ளே தாவல் பொறி, கருகல், இருமல். பையனையே திருகிப் பார்க்கச் சொன்னேன். மீட்டர் முள்ளுக்கும் கருவுக்கும் இடையே ஒரு தடவை ஒரு அளவு காட்டியது, ஆட்டினால் வேறு அளவு. அவனே சொன்னான், "தாத்தா, இது நமக்கு வேணாம்."

ஆகவே மேக்னெட் வைத்த சின்ன இன்ஜினுக்கு, திருகு வகை கேப் என்றால், 7 மி.மீ. செம்புக் கரு ஒயர். அதைவிடத் தடிமன் வாங்கினால் கேப்பின் வாயிலும் காயிலின் வாயிலும் நுழையாது. மெலிந்தது வாங்கினால் தொளதொளவென்று தண்ணீர் புகும். ரேடியோ இரைச்சலுக்குத் தேவையான தடையைக் கேப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த 5,000 ஓம் கேப். எலக்ட்ரானிக் பெட்டி வைத்த வண்டிகளில் இது இன்னும் முக்கியம், இரைச்சல் அந்தப் பெட்டியையே குழப்பலாம். பிளக்கிலேயே ரெசிஸ்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல கம்பெனிகள் பிளக் எண்ணில் 'ஆர்' எழுத்துப் போட்டுக் காட்டுவார்கள். வண்டியோடு வந்த கையேடு சொல்வதை மீற வேண்டாம்.

மேலுறையில் பிளாஸ்டிக், ரப்பர், சிலிக்கோன் மூன்றும் கிடைக்கும். மலிவான பிளாஸ்டிக் உறை இன்ஜின் சூட்டில் இறுகி வெடிக்கும். நல்ல ரப்பர் உறை ஆயிலையும் உரசலையும் தாங்கும். சிலிக்கோன் சூட்டை மிக நன்றாகத் தாங்கும், பனிக்காலத்திலும் வளையும், ஆனால் கூரான விளிம்பு பட்டால் சீக்கிரம் கிழியும். மொபெட்டில் இன்ஜின் காலடியில் இருப்பதால் சேறு, தண்ணீர், ஆயில், காலணி எல்லாம் ஒயரில் படும். என் கணக்கில் பால்காரத் தம்பிக்கு ரப்பர், பையனின் சைக்கிளுக்கு ஒயர் சிலிண்டரை ஒட்டிப் போவதால் சிலிக்கோன். கலர் அவரவர் இஷ்டம்.

கடையில் வாங்கும்போது ஒயரைக் கட்டைவிரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அது பல வருஷம் அலமாரியில் கிடந்த சரக்கு. முனையை வெட்டச் சொல்லுங்கள். நடுவில் செம்பு பிரகாசமாக இருக்க வேண்டும், கரு சரியாக நட்ட நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்தப் பக்கம் உறை மெலிசு, அங்கேதான் முதலில் கசியும். இங்கே கிடைக்காவிட்டால் பெங்களூர் ஜே.சி. ரோடு, சென்னை என்றால் புதுப்பேட்டை. மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள்.

மாட்டும்போது ஒயர் விறைப்பாகவும் இருக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. சிலிண்டர் ஃபின், ஃபிரேம் விளிம்பு, பெட்ரோல் டியூப் மூன்றையும் தொடாமல் போக வேண்டும். கேப்பின் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி அவசியம். இந்த ஊர்ப் பனிக்கு அந்த ரப்பர்தான் ஸ்வெட்டர். கழற்றும்போது கேப்பைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுத்தால் முள் கழன்றுவிடும்.

பொறி பார்க்கும்போது ஒயரைக் கையில் பிடிக்காதீர்கள். நம் வயதில், அதுவும் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், ஓடும் இன்ஜினின் பிளக் ஒயரை நெருங்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிக் கேப்பில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு சிலிண்டர் ஹெட்டைத் தொடும்படி வைத்துக் கிக் செய்யுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் ஓட்டைக்கு எதிரே வைக்காதீர்கள். ஒயரைச் சும்மா அந்தரத்தில் விட்டுக் கிக் செய்வதும் கூடாது. பொறிக்கு வழி கிடைக்காவிட்டால் அது காயிலுக்குள்ளேயே உறையைத் துளைத்துக்கொண்டு போகும். அந்தக் காலத்தில் பிளக்கில் ஆயில் அடைத்தால் ஒயருக்கும் பிளக்குக்கும் நடுவில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து ஓட்டி வீடு வந்து சேர்வார்கள். பொத்தான் துளை வழியே பொறி தாவும்போது வோல்ட் ஏறி, ஆயில் பிளக்கும் பற்றிக்கொள்ளும். வீடு வந்து சேர உதவும், தினமும் செய்தால் காயில் போகும்.

பையனுக்கு இன்னொரு விஷயமும் சொன்னேன், குமாஸ்தா புத்தி விடாதே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கப்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் 25 சிசிக்கு மேற்படாத இன்ஜின் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் என்ற கணக்குக்கு வெளியே. அவனுடைய கிட் 49 சிசி. ஆகவே ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். "அப்ப கிரவுண்டுல மட்டும் ஓட்டறேன் தாத்தா" என்றான். அப்பாவிடமும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். நன்றாகப் பொறி அடிக்கிற சைக்கிளுக்கு நன்றாகப் பிடிக்கிற பிரேக்கும் வேண்டுமே. அடுத்த வாரம் பிரேக் கட்டை வாங்கப் போகிறோம்.

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு வருவோம். முதலில் சாக்கை எடுங்கள். ஒயரை எலி கடித்திருக்கிறதா பாருங்கள், ஓசூர் எலிகள் எதையும் விடுவதில்லை. கேப்பைத் திருகிக் கழற்றி முனையைப் பாருங்கள். பச்சையோ கறுப்போ இருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டுங்கள். கார்ப்பரேட்டரைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றி, இருட்டிய பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒயரைச் சுற்றி நீல இழை ஓடினால் உங்களுக்கு ஆகும் செலவு அரை மீட்டர் ஒயர். எதுவும் ஓடாமல், பிளக்கில் பொறியும் நன்றாக இருந்து, அப்படியும் வண்டி எடுக்காவிட்டால், அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் என்ன சொன்னாலும், காலையில் எப்படி, மத்தியானம் எப்படி என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

வண்டி ஓடியவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஓடாதவர்களும் எழுதுங்கள், பாயிண்ட், கண்டென்சர் பற்றி இன்னொரு பதிவு போட்டுவிடுகிறேன்.